மழைக்காலத்தில் செப்டிக் டேங்க் மிரட்டுகிறதா? அறிகுறியைப் பார்த்து வழியைப் பிடியுங்கள்

ஐப்பசி பிறந்து நாலு நாள் அடைமழை பிடித்தால் போதும், பாதாளச் சாக்கடை எட்டாத சென்னைப் புறநகர்த் தெருக்களில் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே குரல் வரும்: "டேங்க் நிரம்பிவிட்டது, லாரியை வரச் சொல்லுங்கள்." குடியிருப்போர் நலச்சங்கத்தில் இந்தப் புகார்களைக் கேட்கும் பொறுப்பு என் தலையில் விழுந்ததிலிருந்து நான் கண்டது, மழை நாளில் பெரும்பாலும் நிரம்பியிருப்பது தொட்டி அல்ல, நிலம். தொட்டியிலிருந்து வழியும் நீரை உறிஞ்சுகுழி மண்ணுக்குள் விட வேண்டும். மண்ணோ ஏற்கெனவே தண்ணீரைக் குடித்துக் கொப்பளித்துக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் லாரி வந்து உறிஞ்சிவிட்டுப் போனால், தொட்டியில் கசிவு இருக்கும் வீட்டில் மறுநாளே நிலத்தடி நீர் அந்த இடத்தை நிரப்பிவிடும். காசு போனதுதான் மிச்சம். சில வீடுகளில் அதைவிட மோசமாகவும் நடக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆகவே லாரிக்காரர் எண்ணைத் தேடும் முன், கீழே உங்கள் வீட்டு அறிகுறி எதுவென்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில், கொத்தனார் கூலி கடைசியில்.

மூடியைத் திறக்கும் முன்

தொட்டிக்குள் மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கும். முதலாவது தீப்பிடிக்கும், இரண்டாவது ஆளைச் சாய்க்கும். அழுகிய முட்டை வாடை வந்தால் எச்சரிக்கையாகிவிடலாம் என்று நினைக்காதீர்கள்; அளவு கூடினால் அந்த வாயு மூக்கின் மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடும். மூடியை நகர்த்திவிட்டு, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக நின்று, கொஞ்ச நேரம் கழித்து எட்ட இருந்தே பாருங்கள். தலையை உள்ளே நீட்டக் கூடாது. பக்கத்தில் சிகரெட், தீக்குச்சி எதுவும் கூடாது. கைப்பேசியின் டார்ச் போதும். தனியாகத் திறக்காதீர்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது, யாரையும் இறக்கவும் கூடாது. "ஐந்து நிமிட வேலை சார்" என்று இறங்கியவர்கள் திரும்பி ஏறாத செய்திகளை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆளை இறக்கிய வீட்டுக்காரரும் குற்றவாளிதான். முதல் முறைக்கே இரண்டு ஆண்டுவரை சிறையோ, இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

அறிகுறி: ஃப்ளஷ் செய்தால் தண்ணீர் தயங்கி இறங்குகிறது, 'குளுக் குளுக்' என்று சத்தம் வருகிறது

முதல் கேள்வி: ஒரே கழிப்பறையிலா, எல்லாவற்றிலுமா?

*ஒன்றில் மட்டும் என்றால்* மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் கோப்பையிலோ அதன் வளைவுக் குழாயிலோ ஏதோ சிக்கியிருக்கிறது. ரப்பர் பிளஞ்சரால் பத்துப் பதினைந்து முறை அழுத்தி இழுங்கள். நகரவில்லை என்றால் ப்ளம்பர். ஆசிட் ஊற்றாதீர்கள், அடைப்பு இளகுவதற்கு முன் தொட்டியில் கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் செத்துவிடும்.

*எல்லாவற்றிலும் என்றால்* மொட்டை மாடிக்குப் போய்க் காற்றுக் குழாயைப் பாருங்கள். அதன் தலையில் கட்டிய கொசுவலையில் இலையும் தூசியும் அப்பியிருக்கலாம், குளவி கூடு கட்டியிருக்கலாம், புயல் காற்றில் குழாயே முறிந்து சாய்ந்திருக்கலாம். காற்று போக வழியில்லாவிட்டால் தண்ணீர் இறங்கத் திணறும், சத்தமும் போடும். வலையை மாற்றினால் பாதி வீடுகளில் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். வலையே வேண்டாம் என்று கழற்றி எறிந்துவிடாதீர்கள். அந்தக் குழாய் வழியாக வெளிவரும் கொசுக்கூட்டத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

காற்றுக் குழாய் சரியாக இருந்தால் அடுத்து, வீட்டுக்கும் தொட்டிக்கும் இடையிலுள்ள சேம்பரை, அதாவது கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் மூடியுள்ள சிறு தொட்டியை, திறந்து பாருங்கள்.

சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுப் பக்கம். சேம்பர் நிரம்பி, தொட்டியில் நீர்மட்டம் உள்வரும் குழாய்க்குக் கீழே இருந்தால் அடைப்பு இரண்டுக்கும் நடுவில். இரண்டுக்கும் ப்ளம்பர் கம்பி விட்டு எடுத்துவிடுவார். துணி, நாப்கின், பல் துலக்கும் பிரஷ், ஒருமுறை குழந்தையின் பிளாஸ்டிக் யானை என்று பலதும் வெளியே வந்திருக்கின்றன. சேம்பரும் தொட்டியும் சேர்ந்தே நிரம்பியிருந்தால் இந்தப் பகுதியை விட்டுவிட்டு, மூடியோரம் கசிவு பற்றிய பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: தரைத்தளக் கழிப்பறையிலோ குளியலறைத் தரைத் துளையிலோ கழிவுநீர் மேலேறி வருகிறது

இதுதான் அவசரம். காரணத்தை அப்புறம் தேடலாம், முதலில் தண்ணீர் வருவதை நிறுத்துங்கள்.

மாடி வீட்டார் குளித்தால்கூட அந்தத் தண்ணீர் உங்கள் தரையில்தான் வந்து நிற்கும், ஏனென்றால் கீழே போக வழி இல்லாத நீர் வெளியேறக் கிடைக்கும் மிகத் தாழ்வான வாய் உங்கள் கழிப்பறை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் வால்வை அடைத்துவிட்டு மாடிக்குப் போய்ச் சொல்லுங்கள். சொல்லாமல் அடைத்தால் சண்டை வரும். அடைக்காமல் சொல்லிவிட்டு மட்டும் வந்தால் யாராவது மறந்து ஃப்ளஷை அழுத்துவார்கள்.

அடுத்து அடைப்பான். உறுதியான பிளாஸ்டிக் பையில் பாதியளவு மணல் போட்டுக் கட்டி, அதை ஈரத் துணியில் சுற்றி, இந்தியன் கோப்பையின் துளையில் அழுத்தி வையுங்கள். மேலே இன்னொரு மணல் மூட்டை. பையை முழுக்க நிரப்பினால் கல்லாக நிற்கும், துளையின் வடிவத்துக்குப் படியாது, அதனால்தான் பாதி. தரைத் துளைகளுக்கு ப்ளம்பிங் கடையில் திருகும் மூடி கிடைக்கும். மழைக்கு முன்பே அளவு பார்த்து வாங்கி வையுங்கள், தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது கடை திறந்திருக்காது.

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ஒரு யோசனை: மருந்துக் கடையில் கிடைக்கும் கமோடு நாற்காலியின் வாளியில் தடித்த பை விரித்து, அடியில் மரத்தூளோ சாம்பலோ போட்டால் இரண்டு மூன்று நாள் சமாளிக்கலாம். பையை இறுகக் கட்டி மூடியுள்ள வாளியில் வைத்துவிட்டு, தண்ணீர் வடிந்ததும் துப்புரவுப் பணியாளர்களிடம் இன்னதென்று சொல்லிக் கொடுங்கள்.

இப்போது காரணம்.

*மழைநீர்க் குழாய் சேம்பரில் இணைந்திருக்கிறதா?* மாடியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு குழாயும் எங்கே போய் முடிகிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். 2003இலிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்றாலும், பள்ளம் தோண்டச் சோம்பி அருகிலிருந்த கழிவுநீர்ச் சேம்பரில் குழாயைச் சொருகிய கொத்தனார்கள் உண்டு. கணக்கைப் பாருங்கள்: ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர். 2015 டிசம்பர் 1ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் பதிவானது 49 சென்டிமீட்டர். எந்த வீட்டுத் தொட்டி இதைத் தாங்கும்? அந்த இணைப்பைத் துண்டிக்க ஒரு எல்போவும் கொஞ்சம் குழாயும் போதும்.

*சேம்பர் மூடி தெருத்தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிறதா?* அப்படியென்றால் வெள்ளமே மூடி இடுக்கு வழியாக வீட்டுக் குழாய்க்குள் நுழைகிறது. மழை விட்டதும் சேம்பர் சுவரை ஓரிரண்டு வரிசை செங்கல் உயர்த்தி, மூடியைச் சுற்றிச் சிமென்ட் பூசுங்கள்.

*இரண்டும் இல்லை என்றால்* திரும்பா வால்வு போட வேண்டிய வீடு உங்களுடையது. சேம்பருக்கும் தொட்டிக்கும் இடையில், 110 மில்லிமீட்டர் குழாயில் பொருத்துவது. தொட்டிப் பக்கத்திலிருந்து நீர் தள்ளினால் உள்ளேயிருக்கும் மடல் மூடிக்கொள்ளும். மடல் மூடியிருக்கும் நேரத்தில் வீட்டுத் தண்ணீரும் வெளியேறாது என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். வால்வு போட்ட தைரியத்தில் மாடியில் துணி துவைத்தால் அதே நீர் உங்கள் தரைக்குத்தான் வரும். ஒவ்வொரு புரட்டாசியிலும் வால்வைத் திறந்து மடலில் சிக்கிய முடியையும் துணியையும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தேவைப்படும் நாளில் மூடாது.

அறிகுறி: தொட்டி மூடியோரமோ உறிஞ்சுகுழியின் மேலோ தண்ணீர் கசிகிறது

மூன்று நீர்மட்டங்களை ஒப்பிட வேண்டும்: தொட்டி, உறிஞ்சுகுழி, நிலத்தடி நீர். மூன்றாவதைப் பார்க்க உங்கள் கிணறோ பக்கத்து வீட்டுக் கிணறோ உதவும். கிணறு இல்லாவிட்டால் மழைநீர் சேகரிப்புப் பள்ளத்தை எட்டிப் பாருங்கள்.

*உறிஞ்சுகுழி இறங்கியிருக்கிறது, தொட்டி மட்டும் நிரம்பியிருக்கிறது.* தொட்டியிலிருந்து வெளியேறும் வாயில் அடைப்பு. மிதக்கும் ஏடு வெளியேறாமல் தடுக்க அங்கே டி வடிவக் குழாய் ஒன்று இருக்கும். அது உடைந்திருக்கலாம், அடைத்திருக்கலாம். ப்ளம்பர் மேலிருந்தே கம்பியால் சரிசெய்வார்.

*தொட்டியும் குழியும் நிரம்பி, கிணற்று நீரும் ஏறக்குறைய அதே மட்டத்தில் நிற்கிறது.* உங்கள் தொட்டியில் கோளாறு இல்லை. காத்திருங்கள். துவைக்கும் இயந்திரத்தை நிறுத்துங்கள், ஷவரை விட்டு வாளிக்கு மாறுங்கள், ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீரை வாளியில் பிடித்துப் பாத்திரம் கழுவுங்கள். பழைய ஃப்ளஷ் தொட்டி ஒவ்வொரு முறையும் பத்து லிட்டர் கொட்டும். அதற்குள் தண்ணீர் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றை நிறுத்தி வைத்தால் முறைக்கு இரண்டு லிட்டர் குறையும். நிலத்தடி நீர் இறங்கினால் குழி தானாகவே இறங்கும்.

*தெரு காய்ந்து, கிணறும் இறங்கிவிட்டது; குழி மட்டும் நிரம்பியே நிற்கிறது.* இதுதான் செலவு வைக்கும் வகை. பல ஆண்டுகளாகத் தொட்டியைச் சுத்தம் செய்யாததால் கசடு வழிந்து போய்க் குழியின் மண்துளைகளை அடைத்துவிட்டது. குழியில் நீரை உறிஞ்சி எடுத்தபின் இரண்டு நாள் பாருங்கள். மீண்டும் உடனே நிரம்பினால் வேறு இடத்தில் புதிதாக உறை இறக்கிக் குழி அமைக்க வேண்டியதுதான். மழைநீர்ப் பள்ளத்துக்குப் பக்கத்திலேயே இடம் பார்க்காதீர்கள். இரண்டும் ஒரே மண்ணுக்குப் போட்டி போடும்.

கசடு எவ்வளவு என்று அறிய நீண்ட மூங்கில் கழியில் வெள்ளைத் துணியைச் சுற்றி, அடி தொடும்வரை மெதுவாக இறக்கி, கொஞ்சம் நிறுத்தி எடுங்கள். அடியில் கறுத்துப் படிந்திருக்கும் உயரம்தான் கசடு. அது நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் லாரிக்கு வேளை வந்துவிட்டது. கையுறை போடுங்கள், கழியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

வெள்ளத்தில் லாரியை ஏன் கூப்பிடக் கூடாது

ஆயிரம் லிட்டர் நீர் ஒரு டன் எடை. 3,000 லிட்டர் பிளாஸ்டிக் அல்லது ஃபைபர் தொட்டி, சுற்றிலும் நீர் ஊறிய மண்ணில் புதைந்திருக்கிறது என்று வையுங்கள். உள்ளே இருப்பதை உறிஞ்சியதும் வெளிநீர் அதை ஏறத்தாழ மூன்று டன் விசையோடு மேலே தள்ளும். மேலே கிடக்கும் மண்ணும் சிலாப்பும் அதைத் தாங்காவிட்டால் தொட்டி எழும்பும், குழாய்கள் பிடுங்கிக்கொள்ளும். செங்கல் தொட்டி எழும்பாது, ஆனால் வெளி அழுத்தத்தில் சுவர் விரிசல் விட்டு உள்பக்கம் சாயலாம். கான்கிரீட் உறைகளை அடுக்கிக் கட்டிய தொட்டியில் இணைப்புகள் வழியாகச் சேறு உள்ளே வரும். நிலம் வடியும்வரை பொறுங்கள். பொறுக்கவே முடியாத நிலை என்றால் பாதிக்கு மேல் எடுக்க வேண்டாம் என்று ஓட்டுநரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

சுத்தம் செய்யும் வேளை மழைக்கு முன்பு, ஆவணி புரட்டாசியில். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுப்பது சரியான கணக்கு. எடுத்த பிறகு தொட்டியில் தண்ணீர் நிரப்பி வையுங்கள். மழை தொடங்கும்போது காலித் தொட்டி இருக்கக் கூடாது. நுண்ணுயிர்ப் பொடி, சாணிக் கரைசல் என்று விற்பவர்களை அனுப்பிவிடுங்கள். தொட்டிக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் நம்மிடமிருந்தே தினமும் போய்ச் சேர்கின்றன.

அறிகுறி: வீட்டுக்குள் நாற்றம், ஆனால் தண்ணீர் சரியாகப் போகிறது

பயன்படுத்தாத குளியலறையின் தரைத் துளையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். வளைவில் நிற்க வேண்டிய நீர் வற்றிப் போயிருந்தால் தொட்டி வாயு நேராக அறைக்குள் வரும். ஊற்றியும் நாற்றம் போகாவிட்டால் கோப்பையின் அடிப்பகுதியில் ஒயிட் சிமென்ட் விட்டுப்போயிருக்கிறதா, காற்றுக் குழாய் மொட்டை மாடிக்கு மேல் ஆளுயரம் நிற்கிறதா, இல்லை யாராவது ஜன்னல் மட்டத்திலேயே வெட்டிவிட்டார்களா என்று பாருங்கள். தலைசுற்றலும் கண் எரிச்சலும் சேர்ந்தால் ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அறிகுறி: சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), கிணறு அல்லது போர் தண்ணீர் கலங்கியிருக்கிறது, வாடை அடிக்கிறது

மற்ற எல்லாம் அசௌகரியம், இது ஆபத்து. வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் இந்த வழியாகத்தான் வருகின்றன. உறிஞ்சுகுழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 18 மீட்டர் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. அரை கிரவுண்ட் மனையில், முப்பதுக்கு நாற்பது அடியில், மூலைக்கு மூலை அளந்தாலும் ஐம்பது அடிதான் வரும். 18 மீட்டரோ ஏறத்தாழ அறுபது அடி. அதாவது அங்கே இந்த விதியை யாராலும் நிறைவேற்ற முடியாது. உங்கள் குழி தூரத்தில் இருந்தாலும் மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டாரின் குழி இருக்கும். எனவே மழைக்காலத்தில் கிணற்று நீரும் போர் நீரும் கெட்டவை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சம்ப் என்றால் முதலில் மூடியைப் பாருங்கள். தரை மட்டத்தில் மூடி இருந்து, அதன்மேல் வெள்ளம் நின்றிருந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மோட்டாரின் மின் இணைப்பு நனைந்திருந்தால் மெயினை அணைக்காமல் தொடாதீர்கள். முழுக்க இறைத்து, பிளீச்சிங் பவுடர் கரைசலால் சுவரையும் தரையையும் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் பிடியுங்கள். பிறகு ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 4 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரை வாளி நீரில் கரைத்து, தெளிந்ததும் மேல்நீரை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். குடிப்பதற்கு எப்படியும் கொதிக்க வைக்க வேண்டும்.

மூடியில் குற்றமில்லை, இறைத்த சம்ப்பின் சுவரில் ஓரிடம் மட்டும் ஈரம் கசிந்துகொண்டே இருக்கிறதா? அது தொட்டிப் பக்கச் சுவர் என்றால் கழிவு கசிகிறது. பூச்சு வேலைக்கு ஆள் வரும்வரை குடிநீர் லாரித் தண்ணீரை டிரம்மில் பிடித்துப் புழங்குங்கள். தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதிப்பதும் இப்போதுதான் தேவை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் ஆய்வகங்கள் உண்டு. பிளீச்சிங் பவுடரை சம்ப்பில் போடுங்கள், செப்டிக் டேங்கில் கொட்டாதீர்கள்.

அறிகுறி: தொட்டி மூடி விலகியிருக்கிறது, தரை உள்வாங்கியிருக்கிறது, அல்லது தொட்டி எழும்பியிருக்கிறது

இதில் நீங்கள் செய்வதற்கு எதுவும் இல்லை. கயிறு கட்டி அடையாளம் வையுங்கள். வெள்ளநீரில் மூடியில்லாத தொட்டி கண்ணுக்குத் தெரியாது, கால் வைத்தவர் உள்ளே போவார். கழிப்பறையைப் பயன்படுத்தாதீர்கள். அந்த இடத்தில் காரையோ தண்ணீர் லாரியையோ நிறுத்தாதீர்கள். நிலம் வடிந்த பிறகு கட்டுமானப் பொறியாளரைக் கூட்டிவந்து காட்டுங்கள். கொத்தனாரின் கண்மதிப்பு இதற்குப் போதாது. எழும்பிய தொட்டியை ஏறி மிதித்து இறக்கப் பார்க்க வேண்டாம், குழாய் உடைவதுதான் நடக்கும்.

வெள்ளநீரில் நின்று வேலை பார்த்தவர்களுக்கு அடுத்த இரண்டு மூன்று வாரங்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், வெள்ளத்தில் நின்றதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எலிக் காய்ச்சலாக இருக்கலாம்.

லாரியை அழைக்கும்போது

14420 என்ற இலவச எண்ணிலோ உங்கள் உள்ளாட்சி அலுவலகத்திலோ கேளுங்கள். வண்டிக்கு உரிமம் இருக்கிறதா, கழிவை எங்கே கொண்டுபோய் விடுகிறார்கள் என்று இரண்டையும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குச் சுத்திகரிப்பு நிலையத்தின் பெயர் வராமல் மழுப்பல் வந்தால், அந்த வண்டி அடுத்த தெருமுனை மழைநீர்க் கால்வாயில்தான் திறந்துவிடும், அது மறுபடி உங்கள் தெருவுக்கே வரும். வேறு வண்டியை வரச் சொல்லுங்கள். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று, குழாய் மட்டும்தான் உள்ளே போகிறது, ஆள் போகவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.